அச்சார் சொல்லும் பாடம்: ஊறுகாயில் காய் எவ்வளவு, உப்பு எவ்வளவு?

பலசரக்குக் கடை என்று ஒன்று இருந்தால் அதில் ஊறுகாய் இல்லாமல் இராது. கல்லாவுக்கு மேலே தொங்கும் சரம் முதல் அலமாரியில் வரிசையாக நிற்கும் பாட்டில் வரை, வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் சரக்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதில் என்ன இருக்கிறது, உடம்புக்கு அது என்ன தருகிறது என்று கேட்டால், "வாய்க்கு ருசி, பசியைத் தூண்டும்" என்பதற்கு மேல் நம்மில் பலர் சொல்வதில்லை. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இல்லாத தெரு இன்று கிடையாது. அவர்கள் நம்மிடம்தான் கேட்கிறார்கள்: "இந்த ஊறுகாய் சாப்பிடலாமா, அண்ணாச்சி?" டாக்டரிடம் போய் ஊறுகாயைப் பற்றி யாரும் தனியாகக் கேட்பதில்லை. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு கடைக்காரர் தலையில்தான் விழுகிறது.

சரியான பதிலைத் தெரிந்துகொள்ள, கடல் தாண்டி இந்தோனேசியாவில் செய்யப்படும் ஒரு பண்டத்தோடு நம் ஊறுகாயை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அந்தப் பண்டத்தின் பெயர் ‘அச்சார்’. பெயரைக் கேட்டவுடன் வட இந்தியர்கள் ஊறுகாயை ‘அசார்’ என்று சொல்வது நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் சரக்கு வேறு. அந்த வேற்றுமையில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஒரு பெயர், பல துறைமுகம்

‘ஆச்சார்’ என்பது பாரசீக மொழிச் சொல். வணிகர்களோடும் கப்பல்களோடும் அது இந்தியாவுக்கும் மலாய் நாடுகளுக்கும் ஜாவாவுக்கும் போயிற்று. ஊறுகாய் என்ற பண்டமோ அதற்கு முன்பே நம் கடற்கரைகளில் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, இங்குள்ளவர்கள் மாங்காய், எலுமிச்சை, இஞ்சி, மிளகு ஆகியவற்றை உப்பில் ஊறவைத்துச் சோற்றோடு உண்பதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது மிளகாய் வத்தல் நம் நாட்டுக்கு வரவில்லை. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் மிளகாய் வந்தது. ஆகவே அன்றைய ஊறுகாய்க்குக் காரம் தந்தது மிளகும் இஞ்சியும்தான்.

அடுத்து வந்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசியாவில் தலைமை இடம் ஜாவாவில் உள்ள பட்டாவியா. அதுதான் இன்றைய ஜகார்த்தா. 1658 இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்கு வந்தன. இலங்கையின் கடலோரம் 1796 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும், நாடு கடத்தப்பட்டவர்களாகவும் பலர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வழிவந்தவர்களே இலங்கை மலாய் மக்கள். இன்றும் சுமார் 40 ஆயிரம் பேர் அங்கு வாழ்கிறார்கள்.

அவர்கள் வீட்டு விருந்தில் புரியாணியோடும் மஞ்சள் சோற்றோடும் தவறாமல் வைக்கப்படுவது ‘மலாய் அச்சாறு’. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், காரட் ஆகியவற்றை வினிகரில் போட்டு, அரைத்த கடுகும் கொஞ்சம் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் சேர்த்துச் செய்வார்கள். அச்சாறு என்ற சொல் இலங்கைத் தமிழில் சாதாரணமாகப் புழங்குகிறது. நம் தென்மாவட்டத்து வியாபாரிகள் பலர் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டால் அச்சாறு என்றதும் நாக்கில் நீர் ஊறச் சொல்வார்கள்.

இந்தோனேசியாவிலும் நம்மவர் உண்டு. சுமத்திரா தீவில் மேடான் நகரைச் சுற்றியிருந்த புகையிலைத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் வேலைக்குப் போனார்கள். 1884 இல் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்த நகரத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களும் மாங்காய் ஊறுகாயைக் கொண்டு போனார்கள். அங்கும் அதற்கு ‘அச்சார்’ என்றே பெயர். இப்படி ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வெவ்வேறு பண்டம் விற்கிறது.

அச்சார் எப்படிச் செய்யப்படுகிறது?

இந்தோனேசிய அச்சாரில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகை பச்சையாகச் செய்வது. வெள்ளரிக்காய், காரட், சின்ன வெங்காயம், ஊசி மிளகாய் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறிக் கொஞ்ச நேரம் வைப்பார்கள். காய் விட்ட நீரை வடித்துவிட்டு, வினிகர், சர்க்கரை, சிறிது உப்பு, தண்ணீர் கலந்த கரைசலில் ஊறவிடுவார்கள். சில மணி நேரத்தில் தயார். பொரித்த சோறு, நெருப்பில் வாட்டிய இறைச்சி, மார்த்தாபாக் என்று அவர்கள் சொல்லும் முட்டை அடை ஆகியவற்றோடு இது பரிமாறப்படும். மார்த்தாபாக் வேறொன்றும் இல்லை, நம் ஊர் முர்தபாவின் உறவுதான்.

இரண்டாவது வகை ‘அச்சார் கூனிங்’, அதாவது மஞ்சள் அச்சார். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள் இவற்றோடு அவர்கள் ஊர்க் கொட்டை ஒன்றையும் சேர்த்து அரைத்து, எண்ணெயில் வதக்கி, காய்த் துண்டுகளைப் போட்டு, வினிகர் விட்டு ஒரு கொதியில் இறக்குவார்கள். காய் வெந்து குழையக் கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். பொரித்த மீனுக்கு இது துணை. மலேசியாவின் பினாங்கில் இதே மாதிரி செய்து, அன்னாசியும் வறுத்த நிலக்கடலையும் எள்ளும் சேர்ப்பார்கள்.

இப்போது நம் ஊறுகாயை நினைத்துப் பாருங்கள். மாங்காயோ எலுமிச்சையோ நார்த்தங்காயோ ஆண்டு முழுதும் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் போடுவது. அதற்காகக் கல் உப்பைக் கை நிறைய அள்ளிப் போடுகிறோம், வெயிலில் காயவைக்கிறோம், மேலே நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றுகிறோம். ஜாடியைத் திறந்தால் கரண்டி முனையில் எடுத்துத் தொட்டுக்கொள்கிறோம். அச்சாரோ ஒரு சிறு கிண்ணம் நிறைய எடுத்து, கறி மாதிரி உண்பது. சில நாளில் தீர்த்துவிட வேண்டியது. நம் ஊறுகாய் காயைக் காப்பாற்ற உப்பைப் பெருக்குகிறது. அச்சார் காயைத் தின்பதற்காகப் புளிப்பைச் சேர்க்கிறது. சத்து என்று பேசும்போது எல்லா வித்தியாசமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உப்புக் கணக்கு

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கில் சொன்னால்தான் மனதில் நிற்கும். பெரியவர் ஒருவர் நாள் ஒன்றுக்கு உண்ணும் உப்பு, எல்லாவற்றையும் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அதையே சொல்கிறது. 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி. சாம்பார், ரசம், பொரியல், இட்லி மாவு, மோர், கடையில் வாங்கும் மிக்சர், பிஸ்கட் என்று எல்லாவற்றிலும் உள்ள உப்பு இதற்குள் அடங்க வேண்டும்.

உப்புநீரில் அடைக்கப்படும் ஊறுகாயில் உப்பு 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. குறைந்தால் கெட்டுப்போகும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் 10 கிராம் ஊறுகாயில், அதாவது ஒரு சிறு கரண்டியில், 1.2 கிராம் உப்பு. நாள் அளவில் கிட்டத்தட்ட கால் பங்கு. காலையில் கஞ்சிக்கு, மதியம் மோர்ச் சோற்றுக்கு, இரவு மீண்டும் என்று மூன்று வேளை தொட்டால் 3.6 கிராம். சமையலில் போடும் உப்புக்கு மிச்சம் இருப்பது ஒன்றரைக் கிராம்கூட இல்லை.

அச்சாருக்கும் ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ காய்க்கு அரைக் கிலோ வினிகர்க் கரைசல், எல்லாமாக 20 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒன்றரைக் கிலோவில் 20 கிராம். 50 கிராம் எடுத்து உண்டால் வயிற்றுக்குள் போகும் உப்பு முக்கால் கிராமுக்கும் குறைவு. ஊறுகாயை விட ஐந்து மடங்கு அதிகம் சாப்பிட்டும் உப்பு அதில் பாதியை ஒட்டித்தான். அந்த 50 கிராமில் பெரும்பகுதி காய்.

எண்ணெயில் போட்ட ஊறுகாய்க்கு விதியில் உப்பு அளவு சொல்லப்படவில்லை. காய்த் துண்டுகள் எண்ணெயில் மூழ்கி இருக்க வேண்டும், வடித்த எடை 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றே இருக்கிறது. அதனால் பாட்டிலைத் திருப்பி லேபிளைத்தான் பார்க்க வேண்டும். லேபிளில் உப்பு என்று இராது, ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும். 100 கிராமுக்கு 4,800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 12,000 மில்லிகிராம், அதாவது 12 கிராம் உப்பு. இந்த ஒரு பெருக்கலைக் கடையில் நிற்கும் பையனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும்.

சத்துக் கணக்கு

உப்பு குறைவு என்பதற்காக அச்சாரை மருந்து என்று சொல்லிவிட முடியாது. உள்ளதை உள்ளபடி பார்ப்போம்.

காரட்டில் உள்ள கரோட்டின் தண்ணீரில் கரையாது. வினிகரில் ஊறினாலும் பெரும்பாலும் காயிலேயே தங்கும். உடம்பு அதை வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்கிறது. அது உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். அந்த வகையில் எண்ணெயில் வதக்கும் மஞ்சள் அச்சார் நல்லது. பச்சை மிளகாயிலும் எலுமிச்சையிலும் வைட்டமின் ‘சி’ உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். காயை நறுக்கி ஊறவைத்தால் ஒரு பங்கு கரைசலுக்குப் போய்விடும். புளிப்பு அதை ஓரளவு காக்கும் என்றாலும், புதுக் காய்க்கு ஈடாகாது. வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர். கலோரி மிகக் குறைவு, நார்ச்சத்துக் கொஞ்சம். புரதம் என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

கெடுதல் பக்கமும் உண்டு. அச்சாரில் சர்க்கரை சேர்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அதைச் சொல்ல வேண்டும். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு வினிகரின் புளிப்பு ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த ஊறுகாயானாலும் தங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் உண்ண வேண்டும். மாவுப் பண்டத்தோடு வினிகர் சேர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது சற்று மெதுவாகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதைக் கொண்டு "சர்க்கரைக்கு நல்லது" என்று எழுதி ஒட்டி விற்பது முறையாகாது.

இப்போது இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. ஊறுகாயில் குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று விளம்பரங்கள் வருகின்றன. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். குறைந்த உப்புநீரில் காய் தானாகப் புளிப்பது ஒரு முறை. இந்தோனேசியாவிலேயே கடுகுக் கீரையை உப்பிட்டு, சில வீடுகளில் அரிசி கழுநீர் அல்லது கஞ்சித் தண்ணீர் விட்டு, நாள் கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். ‘சாயுர் ஆசின்’ என்று அதற்குப் பெயர். நம் வீட்டு நீராகாரம் புளிப்பதும் இதே வேலைதான். அங்கே நுண்ணுயிர் உண்டு. அச்சாரோ வெளியிலிருந்து வினிகரை ஊற்றிப் புளிப்பாக்குவது. அதில் நுண்ணுயிர் வளர இடமில்லை. மிகுந்த உப்பிலும் எண்ணெயிலும் கிடக்கும் ஊறுகாயிலும், சூடாக்கி அடைத்த பாட்டிலிலும் அதை எதிர்பார்ப்பதற்கில்லை.

பாரம்பரியம் என்றாலே நன்மை என்று எண்ணிவிடவும் கூடாது. 1993 இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, ஆசியாவின் பாரம்பரிய ஊறல் காய்களைப் ‘புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்’ என்ற பட்டியலில் சேர்த்தது. கிழக்கு ஆசியாவில் நீண்ட நாள் உப்பிட்டு, தினமும் பெருமளவில் உண்ணும் வகைகளைக் கருதி வந்த முடிவு அது. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ‘எவ்வளவு சாப்பிட்டாலும் நல்லது’ என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பதற்கு அது போதிய சாட்சி.

சட்டம் யார் கழுத்தைப் பிடிக்கும்?

1954 ஆம் ஆண்டின் கலப்படத் தடுப்புச் சட்டம் போய், 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 5.8.2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 27ஆவது பிரிவு விற்பனையாளரின் பொறுப்பைத் தனியாகச் சொல்கிறது. காலாவதியான சரக்கை விற்றால், சுகாதாரமின்றி வைத்திருந்தால், தவறான லேபிள் உள்ளதை விற்றால், தயாரித்தவர் அல்லது வழங்கியவர் யார் என்று காட்ட முடியாவிட்டால் பொறுப்பு கடைக்காரருடையது. ஊறுகாயில் இந்தக் கடைசி விஷயம்தான் ஆபத்து. சைக்கிளிலும் டிவிஎஸ் வண்டியிலும் கேன் கட்டிக்கொண்டு வந்து, பில் இல்லாமல் கொடுத்துவிட்டுப் போகிறவரின் சரக்கை வாங்கி வைத்தால், நாளை மாதிரி எடுக்கும் அதிகாரி முன்னால் நாம்தான் நிற்க வேண்டும். 26ஆவது பிரிவின்படி பில் அல்லது இன்வாய்ஸ் சரக்கின் தரத்துக்கு உத்தரவாதமாகவே கருதப்படுகிறது. பில் கேட்டு வாங்குவது வரிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். அதுவே நமக்குக் கவசம்.

தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விளம்பரக் கூற்றுகளுக்கென்று 2018 இல் தனி ஒழுங்குமுறையும் வந்துவிட்டது. கடை வாசலில் அட்டையில் எழுதி வைப்பதும் விளம்பரம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

வினிகர் பற்றியும் ஒரு வார்த்தை. புளிக்கவைத்துச் செய்த வினிகர் வேறு, அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து செய்த செயற்கை வினிகர் வேறு. இரண்டிலும் அமிலம் 3.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. செயற்கையானால் லேபிளில் அப்படியே போட்டாக வேண்டும். ஊறுகாய் போடக் கேட்கும் வாடிக்கையாளரிடம் எது எது என்று சொல்லிக் கொடுங்கள்.

விதிகளில் இன்னொன்று இருக்கிறது. அதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். வினிகரில் போடும் ஊறுகாய்க்கு இவ்வளவு உப்பு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வடித்த எடை 60 சதவீதத்துக்குக் குறையாமலும், வினிகரின் அமிலம் 2 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் போதும். ஆகவே உப்பு குறைந்த ஊறுகாய் என்று ஒன்றைச் சட்டத்துக்கு உட்பட்டே தயாரித்து விற்க வழி இருக்கிறது. வினிகரில் பதப்படுத்திய காய்கறிக்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் 22.9.2025 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

நம் வட்டாரத்தில் இதற்கு இடம் உண்டா?

எங்கள் வ. புதுப்பட்டி மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நிறைந்த பூமி. எலுமிச்சைக்குப் புளியங்குடி மார்க்கெட் அருகில். வத்தலுக்கு விருதுநகர். வெள்ளரியும் பச்சை மிளகாயும் சுற்றுவட்டாரத்தில் விளைகின்றன. சின்ன வெங்காயம் திண்டுக்கல்லிலிருந்தும், காரட் கொடைக்கானல் மலையிலிருந்தும் மதுரை மார்க்கெட்டுக்கு வந்து இறங்குகின்றன. அச்சாருக்கு வேண்டிய காய் எதுவும் கப்பலில் வர வேண்டியதில்லை.

வினிகரும் அப்படித்தான். இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து வினிகர் எடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் கள்ளுக்குத் தடை இருப்பதால் அந்த வழி இல்லை. ஆனால் முற்றின தேங்காய்த் தண்ணீரிலிருந்து வினிகர் செய்யும் முறையைத் தென்னை வளர்ச்சி வாரியம் நெடுநாளாகவே பரப்பி வருகிறது. கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைக்கும்போது தரையில் ஓடுவது அந்தத் தண்ணீர்தான். தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களும் மகளிர் குழுக்களும் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும், மதுரையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரியையும் அணுகினால், பதப்படுத்தும் முறையைச் சரியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கேட்காமல் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. உப்பு குறைந்தால் காவல் குறைகிறது. அந்தக் காவலைப் புளிப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும். அமிலத்தன்மையை அளக்கும் அளவுகோலில் 4.6க்குக் கீழே இருந்தால்தான், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி தலைதூக்காது. வீட்டில் செய்யும் அச்சாரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுகிறார்கள். அதே பக்குவத்தில் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் நிறுத்த முடியாது. பதிவோ உரிமமோ இல்லாமல், பரிசோதனை இல்லாமல், ‘வீட்டுத் தயாரிப்பு’ என்ற பெயரில் வருவதை வாங்கி வைக்காதீர்கள். தெரிந்தவர் என்றாலும் சரி.

சரக்கு எடுப்பதிலும் நிதானம் வேண்டும். புதுச் சரக்கு என்று பெட்டி பெட்டியாக இறக்கினால் தேதி முடிந்து தங்கிவிடும். முதலில் அரை டஜன் சிறு பாட்டில் எடுத்து, புரியாணி அரிசி வாங்குகிறவர், பரோட்டாக் கடைக்காரர், வெளிநாடு போய் வந்தவர் ஆகியோரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்டு வந்தால் அடுத்த டஜன் எடுக்கலாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

வினிகர் ஊறுகாயை அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. அமிலம் உலோகத்தைத் தின்னும். கண்ணாடி, பீங்கான் ஜாடி, உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக் டப்பா ஆகியவையே உகந்தவை. ஜாடியிலிருந்து சில்லறையாக நிறுத்துக் கொடுப்பவர்கள் ஈரக் கரண்டியைப் போடாமலும், கை படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தாளில் பொட்டலம் கட்டும் பழக்கம், தமிழகத்தில் 1.1.2019 முதல் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோதே முடிந்திருக்க வேண்டும். பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மேலே பூசணம் பூத்தால், அதை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை விற்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாதது உள்ளே இறங்கியிருக்கும். மூடி உப்பிய பாட்டில், ஓரத்தில் கசிந்த பாட்டில் இரண்டையும் தனியே எடுத்து வைத்து, கம்பெனி ஆள் வரும்போது திருப்பிக் கொடுங்கள். வெயில் படும் வாசல் ஷோகேசிலும், சோப்பு, பினாயில் பக்கத்திலும் ஊறுகாயை அடுக்காதீர்கள். முன்னால் வந்த சரக்கு முன்னால் போக வேண்டும்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். "சாப்பிடலாமா, அண்ணாச்சி?" என்று இரத்த அழுத்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது? "நித்தம் வேண்டாம், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் போதும். ஊறுகாய் வைத்துக்கொள்ளும் நாளில் குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாட்டிலில் சோடியம் இவ்வளவு, அதில் இவ்வளவு" என்று இரண்டையும் திருப்பிக் காட்டிச் சொல்லலாம். பாட்டில் ஒன்று குறைவாகப் போகும் என்று தயங்க வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று மாதச் சிட்டை முழுவதையும் நம்மிடம் கொடுப்பவர் அவர். ஒரு பாட்டில் ஊறுகாயின் லாபத்தை விட அவருடைய ஆரோக்கியமும் நம்பிக்கையும் நம் கடைக்குப் பெரிய முதல்.

காயை அதிகமாகவும் உப்பைக் குறைவாகவும் உண்ணும் வழக்கத்தை அச்சார் நமக்கு நினைவூட்டுகிறது. அந்தப் பண்டம் நம் அலமாரிக்கு வருகிறதோ இல்லையோ, லேபிளைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் இன்றே ஒவ்வொரு கடைக்கும் வரட்டும்.